வளைவுக்கு ஒரு ரூபாய்

சென்ற ஆண்டு அக்டோபர் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். தூறல் நின்று பனிமூட்டம் இறங்கியிருந்தது. வாசல் தூணில் நான் மாட்டியிருக்கும் வெப்பமானி பத்தொன்பது டிகிரி காட்டியது. கீழே ரோட்டு முனையில் கேஸ் லாரி மூன்று முறை ஹாரன் அடித்தது. வழக்கமாக இரண்டு முறைதான் அடிக்கும் என்றாள் என் மனைவி.

எங்கள் ஊர் கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டில் இருக்கிறது. ஊருக்குள் லாரி வராது. ஒன்றுவிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை பலாமரத்தடியில் நிற்கும். காலி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு நாம்தான் இறங்க வேண்டும். நான் நில அளவைத் துறையில் முப்பத்தைந்து ஆண்டு சர்வேயராக இருந்து, ஓய்வு பெற்று, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஊர் திரும்பியவன். மிளகுத் தோட்டத்துக் கணக்கு எனக்கு, சமையலறைக் கணக்கு அவளுக்கு என்று ஏற்பாடு. என் கணக்கை அவள் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். அவள் கணக்கை நான் பார்க்கக் கூடாது. இந்த இரண்டு ஆண்டும் சிலிண்டர் வாங்கியவள் அவள்.

அன்று நான் போக வேண்டியதாயிற்று. ஐந்து நாள் முன்புதான் நாமக்கல்லில் அவளுக்கு வலது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, நாற்பது நாளைக்கு அடுப்புப் புகை முகத்தில் படவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, "அடுப்புல இருக்குற சிலிண்டரும் முடியப் போவுதுங்க, வெரசாப் போங்க" என்று அனுப்பினாள். உரம் தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியில் காலி சிலிண்டரை ஏற்றிக்கொண்டு போனேன்.

எனக்கு முன்னால் பதின்மூன்று பேர். ஒவ்வொருவரும் தொள்ளாயிரத்து அறுபது ரூபாயை நீட்டினார்கள், சிலிண்டரை எடுத்துக்கொண்டு போனார்கள். பில்லை ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு பெண் பில்லைச் சுருட்டிக் காது குடைந்தாள்.

என் முறை வந்தது. முதலில் எடை போடச் சொன்னேன். சிலிண்டர் கொடுப்பவர் முள்ளுக்குறிச்சிக்காரர், நல்ல உயரம், எப்போதும் சிரித்த முகம். லாரியின் பின்கம்பியில் தொங்கிய தராசில் மாட்டிக் காட்டினார். எடை சரியாக இருந்தது. அது எனக்குச் சற்று ஏமாற்றம்தான். பிறகு பில்லைப் பார்த்தேன். எண்ணூற்று எண்பத்தேழு ரூபாய் ஐம்பது காசு.

"பில்லுல எட்டுநூத்தி எம்பத்தேழரை போட்டிருக்குது. தொள்ளாயிரத்தி அறுவது எதுக்குங்க?"

"மலைக்கூலிங்கய்யா. வளைவுக்கு ஒரு ரூவா. எழுவது வளைவு, எழுவது ரூவா. மிச்சம் ரெண்டரைக்குச் சில்லறை இல்லீங்க."

எழுபது கொண்டை ஊசி வளைவு எங்கள் மலைக்கு உண்டு. அது காரவள்ளிப் பக்கம். இந்த லாரி வருவது அந்த வழியே அல்ல.

"நீங்க முள்ளுக்குறிச்சி ரோட்லதான வாரீங்க? அதுல எழுவது வளைவு ஏது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எறங்கோணும் இல்லீங்களா? ஏறுறதையும் எறங்குறதையும் சேத்துப் பாருங்க. வந்துரும்."

வரிசை சிரித்தது. பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "ஏனுங்க சர்வேயரய்யா, ரோட்ட ஊட்டுக்குப் போயி அளந்துக்குங்க. எனக்குக் களி கிண்டோணும்."

நான் எண்ணூற்று எண்பத்தேழு ரூபாயை எண்ணி, அதன் மேல் ஓர் ஐம்பது காசையும் வைத்து நீட்டினேன். அந்தக் காசை அதற்காகவே டப்பாவில் தேடி எடுத்து வந்ததாக அவர் நினைத்திருப்பார். இல்லை, என்னிடம் எப்போதும் நான்கைந்து இருக்கும்.

அவர் ஐம்பது காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத நாங் குடுத்தா யாருங்க வாங்குவா? கோயிலு உண்டியலுகூட வாங்காது."

"செல்லாதுன்னு கவர்மெண்ட் சொல்லலீங்க."

"நீங்க படிச்சவங்க, நாங் கூலிக்காரன். எங்கிட்ட எதுக்குங்க ஞாயம்? அடுத்த லோடுக்குப் பாத்துக்கலாங்க." கோபமே இல்லாமல், குழந்தையைத் தூக்குவதுபோல என் சிலிண்டரைத் தூக்கி மறுபடி லாரியில் வைத்தார். அடுத்தவரின் போனுக்கு வந்த நான்கு இலக்க நம்பரைக் கேட்கத் தொடங்கினார்.

காலி சிலிண்டர் போன வண்டியிலேயே திரும்பி வந்தது. ஏற்றத்தில் தள்ள வேண்டியிருந்தது.

"எங்கீங்க?" என்றாள் மனைவி. ஒற்றைக் கண்ணாலேயே காலி சிலிண்டரை அவள் அடையாளம் கண்டுவிட்டாள். நான் நியாயத்தை முழுவதும் எடுத்துச் சொன்னேன். கேட்டு முடித்தாள்.

"எழுவது ரூவாய்க்கு என்ற கண்ணப் பறிச்சுப் போடாதீங்க."

"இத்தனை நாளா ஏன் குடுத்த? கேக்க மாட்டியா?"

"எல்லாருங் குடுத்தாங்க, நானுங் குடுத்தேன். ரேட்டே அதுன்னு நெனச்சேன். உங்களாட்டம் பில்லப் படிச்சுட்டு நின்னா சோறு வெந்துருமா?"

மிளகு மூட்டை நிறுக்கும் தராசில் அடுப்போடு இருந்த சிலிண்டரைக் கழற்றி நிறுத்தேன். கழுத்தில் எழுதியிருந்த காலி எடையைக் கழித்தால் ஒரு கிலோ இருநூறு கிராம் மிச்சம். டீயைக் குறைத்தால் ஆறு நாள். அடுத்த லாரிக்குப் பதினான்கு நாள் இருந்தது. இடையில் இருக்கும் எட்டு நாளைக்கு விறகுதான். விறகென்றால் புகை.

டவர் கிடைக்கும் பாறை ஒன்று எங்கள் ஊருக்கு மேலே இருக்கிறது. அதில் ஏறி நின்று புகார் எண்ணுக்குப் போன் செய்தேன். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே போனாள். ஒன்பதுவரை கேட்டேன். மலைக்கூலிக்கு எண் இல்லை. "மற்றவை" என்பதை அமுக்கியதும் டவர் போய்விட்டது. அதனால் நேரிலேயே போவது என்று முடிவு செய்தேன். நாமக்கல்லில் மாதம் ஒருமுறை கேஸ் நுகர்வோர் குறைதீர் கூட்டம் நடக்கிறது. அந்த மாதக் கூட்டம் அந்த வெள்ளிக்கிழமையே இருந்தது.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்னால் இடம் பிடித்து, முள்ளுக்குறிச்சி ரோட்டின் வளைவுகளை எண்ண ஆரம்பித்தேன். எண்ணுவது எளிதல்ல. எது வளைவு, எது வெறும் திருப்பம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். சர்வேயர் கணக்கில் வளைவுக்கு ஆரம் உண்டு, கோணம் உண்டு. கண்டக்டர் கவனித்துவிட்டார்.

"என்னத்தீங்க வெரல் விட்டு எண்ணிட்டு வாரீங்க?"

"வளைவுங்க."

"எண்ணுனாக் கொறையுமுங்களா?"

பாதி வழியில் பக்கத்து அம்மாளுக்குக் குமட்டியது. ஜன்னல் என் பக்கம் இருந்தது. என் மடியைத் தாண்டி அவர் தலையை வெளியே நீட்டி, மீண்டும் உட்காரும்வரை எத்தனை வளைவு போயிற்று என்று எனக்குத் தெரியாது. அதைத் தாராளமாகச் சேர்த்துக்கொண்டாலும் எழுபதில் பாதிகூட வரவில்லை. திரும்பும்போது எண்ணியதில் வேறு எண் வந்தது. அதுவும் பாதிக்குக் கீழேதான்.

முதலில் அடிவாரத்து ஏஜென்சிக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளம்பெண் இருந்தாள். சுவரில் விலைப்பட்டியல் எங்கே என்று கேட்டேன். புது அடுப்புப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்த மூலையைக் காட்டினாள். இரண்டு பெட்டியை நானே நகர்த்தியதும் பலகை தெரிந்தது. பில் தொகைக்கு மேல் எதுவும் தர வேண்டாம் என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது.

"பாத்தீங்களா?" என்றேன்.

"அது மலைக்குப் பொருந்தாதுங்க."

"மலைக்குப் பொருந்தாதுன்னு பலகையில எழுதலீங்களே."

"பலகையில எடமில்லீங்க சார்." உடனே என் நுகர்வோர் புத்தகத்தைப் புரட்டி, "உங்க ரப்பர் டியூபு தேதி முடிஞ்சு போச்சு சார். மாத்துலீன்னா ஆபத்து. நூத்தித் தொண்ணூறு" என்றாள்.

டியூபை வாங்கினேன். தேதி உண்மையிலேயே முடிந்திருந்தது. தவிர, வெடித்தால் நான் நியாயம் கேட்க இருக்க மாட்டேன்.

நாமக்கல் கூட்டத்தில் மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பில் நகலையும் மனுவையும் கொடுத்தேன். நகலுக்குப் பன்னிரண்டு ரூபாய்.

"உங்க ஊர்ல எத்தனை வீட்ல வாங்கறாங்க?"

"முப்பத்தொரு வீடுங்க. எல்லா ஊட்லயும்."

"மத்த முப்பது பேரும் புகார் குடுக்கலியே?"

"அவங்க எண்ணறதில்லீங்க."

அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். வீடுவரை கொண்டுவந்து தருவதற்கான கூலி பில்லிலேயே அடக்கம், அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கிடையாது என்றார். என் எதிரிலேயே ஏஜென்சி மேனேஜருக்குப் போன் போட்டார். அடுத்த லோடோடு மேனேஜரே மலையேறிப் போக வேண்டும், சென்ற லோடுக்கு அதிகமாக வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும், சிலிண்டரை வீட்டு வாசலில் இறக்க வேண்டும். போனில் மேனேஜர் என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை. நீளமாகச் சொன்னார்.

அன்று பஸ்ஸுக்கு நூற்று நாற்பத்தெட்டு, டீக்கும் சாப்பாட்டுக்கும் தொண்ணூற்றைந்து ஆயிற்று.

செய்தி எனக்கு முன்னால் மலையேறிவிட்டது, வேறு உருவத்தில். சர்வேயர் கேஸ் லாரியையே நிறுத்திவிட்டார், இனிமேல் எல்லோரும் சிலிண்டரை எடுத்துக்கொண்டு முள்ளுக்குறிச்சிக்கு இறங்க வேண்டும் என்று ஊரே பேசியது. குழாயடியில் என் குடத்துக்கு வழி விடவில்லை. களி கிண்ட அவசரப்பட்ட அந்தப் பெண் என் காதில் விழும்படி, "எழுவது ரூவா மிச்சம் புடிச்சவரு வாராரு, எட்டி நில்லுங்க" என்றாள்.

என் கணக்குப்படி ஆறாம் நாள், இரவுச் சோறு பாதி வெந்தபோது கேஸ் தீர்ந்தது. மறுநாளிலிருந்து வீட்டுக்கு எழுபதடி தள்ளி, காற்று வீட்டுப் பக்கம் வீசாத இடமாகப் பார்த்து, மிளகு காயப்போடும் கொட்டகையில் மூன்று கல் வைத்து நானே சமைத்தேன். மழையில் விறகு ஈரம். அவள் கண்ணுக்குப் போகாத புகை அத்தனையும் என் கண்ணுக்கு வந்தது. நான்காம் நாள் என் இரண்டு கண்ணும் கோவைப்பழமாகச் சிவந்து, எண்பத்தாறு ரூபாய்க்கு எனக்கும் ஒரு சொட்டு மருந்து வாங்கினேன். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தலையை அண்ணாந்து ஆளுக்கு ஒரு சொட்டு விட்டுக்கொள்வோம்.

"இது என்னங்க, களியா?" என்று கேட்டாள் ஒருநாள்.

"ஏன்?"

"இல்ல, சுவத்துக்குப் பூசறதுக்கான்னு கேட்டேன்."

அவள் சிரித்தாலும் எனக்குப் பயமாகவே இருந்தது. லாரி உண்மையில் வராமல் போனால், மீதி நாளை எப்படி ஓட்டுவது? காற்று ஒருநாள் திசை மாறினால் போதும். எழுபது ரூபாய்க்கு ஒரு கண் என்று அவள் சொன்னது ஒவ்வொரு வேளையும் விறகைத் தள்ளும்போது காதில் கேட்டது. நியாயம் என் பக்கம் இருந்தது. ஆனால் கண் அவளுடையது.

இருபத்தெட்டாம் தேதி காலை ஒன்பதேகாலுக்கு இரண்டு ஹாரன் கேட்டது. செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். லாரியிலிருந்து மேனேஜர் இறங்கினார். வளைவுகள் அவரையும் வயிற்றில் ஒரு கை பார்த்திருந்தன. பலாமரத்தைப் பிடித்துக்கொண்டு, பில்லுக்கு மேல் யாரும் தர வேண்டாம் என்று அறிவித்தார். பையிலிருந்து எழுபதெழுபதாகக் கட்டி வைத்திருந்த பணத்தை எடுத்து முதலில் ஊர்க்கவுண்டரிடம் நீட்டினார். எங்கள் ஊரில் வழக்கு, சடங்கு எல்லாவற்றையும் பேசி முடிப்பவர் அவர்தான்.

ஊர்க்கவுண்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"குடுத்ததத் திருப்பி வாங்குற ஊரு இது இல்லீங்க."

"அது நாங்க தப்பா வாங்குனதுங்க" என்றார் மேனேஜர்.

"நீங்க எங்க வாங்குனீங்க? நாங்க வெச்ச மொறையில்லீங்களா அது?"

என்ன முறை என்று கேட்டேன். அவர் விவரம் சொன்னார். சுமையோடு மலையேறி வருபவரைக் கை நனைக்க வைக்காமல் இறக்கிவிடுவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. அது எனக்கும் தெரியும். நான் ராசிபுரத்தில் வேலையில் இருந்தபோதுதான் முதன்முதல் கேஸ் லாரி வந்திருக்கிறது. அன்று எல்லா வீட்டிலும் சிலிண்டர்காரரைச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். நான்காவது வீட்டோடு அவரால் எழ முடியவில்லை. அடுத்த முறை சாப்பாட்டுக்குப் பதில் வீட்டுக்கு ஒரு படி சாமை. லாரியில் சிலிண்டர் வைக்க இடமில்லாமல் மூட்டை ஏறியது. பிறகுதான் ஊர் கூடி, பணமாகக் கொடுத்துவிடலாம் என்று பேசியது. எவ்வளவு என்று கேட்டபோது யாரோ, வளைவுக்கு ஒரு ரூபாய் என்றிருக்கிறார். எந்த ரோடு என்று ஒருவரும் கேட்கவில்லை.

சிலிண்டர்காரர் தலையைச் சொறிந்தார். "நாந்தான் சொல்ல வந்தேனுங்க. அய்யா அம்பது காசு குடுத்ததும் ரோசம் வந்துருச்சு."

மேனேஜர் முகம் தெளிந்தது. "பாத்தீங்களா சார்? ஜனங்களாப் பிரியப்பட்டுக் குடுக்கறாங்க."

"பிரியப்பட்டுக் குடுத்தாச் சரிங்க. குடுக்கலீன்னு சிலிண்டர லாரியில ஏத்துனா அதுக்குப் பேரு வேற" என்றேன். நன்றாகச் சொன்னதாக நினைத்தேன்.

அப்போது வரிசையின் கடைசியிலிருந்து ஒருத்தி முன்னால் வந்தாள். கீழ்க்கோடி வீடு, கட்டட வேலைக்குப் போகிறவள், புருஷன் இல்லை. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருப்பவள்.

"ஏனுங் மாமா," என்றாள் ஊர்க்கவுண்டரைப் பார்த்து, "மொறையின்னு எனக்கு ஆருஞ் சொல்லலியே. நாங் கவுருமெண்டு ரேட்டுன்னு நெனச்சு, ஒவ்வொரு வாட்டியும் அந்த எழுவதக் கைமாத்து வாங்கிக் குடுத்தேன். போன மாசம் கெடைக்குல. சிலிண்டரு எடுக்காம வெறகு வெச்சுக்கிட்டேன். மொறையின்னு தெரிஞ்சிருந்தா ஒரு வாய் சோறு போட்டு அனுப்பியிருப்பனே."

ஊர்க்கவுண்டர் அங்கவஸ்திரத்தை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான்கு பெரியவர்கள் பலாமரத்துக்குப் பின்னால் போனார்கள். எனக்கும் போக ஆசை. கூப்பிடவில்லை.

திரும்பி வந்து தீர்ப்பு சொன்னார்கள். இனிமேல் பணம் கிடையாது. பில் என்ன சொல்கிறதோ அதுதான். ஆனால் வந்தவரைக் கை நனைக்காமல் அனுப்ப முடியாது. ஆகவே ஒவ்வொரு லோடுக்கும் ஒரு வீடு சாப்பாடு போட வேண்டும், முடியாத வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடு. திருப்பித் தர வந்த பணத்தைக் கீழ்க்கோடிப் பெண் மட்டும் வாங்கிக்கொள்ளலாம், அவள் கொடுத்தது கடன் வாங்கிய பணம். மற்றவர்கள் தொடக் கூடாது.

"மொத மொறை யாரு ஊடுங்க?" என்று கேட்டார் சிலிண்டர்காரர், ஆவலை மறைக்காமல்.

"ஆரம்பிச்சு வெச்சவரு ஊடு" என்றார் ஊர்க்கவுண்டர்.

அதிகாரி சொன்னபடி வாசலில் இறக்க வேண்டும் என்பதால் முதல் சிலிண்டரை என் வீட்டுக்கே தூக்கி வந்தார்கள். சிலிண்டர்காரரிடம் எண்ணூற்று எண்பத்தெட்டு கொடுத்தேன். இந்த முறை ஐம்பது காசை நான் நீட்டவில்லை, அவரும் திருப்பித் தரவில்லை. புது டியூபை மாட்டி, நீலமாக எரியவிட்டுக் காட்டினார். மனைவி கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து அந்தத் தீயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நல்லா இருப்ப கண்ணு," என்றாள் அவரிடம், "கொளம்புக்குக் காரம் தூக்கலா வெக்கட்டுமா?"

அன்று சிலிண்டர் எடுத்த மற்ற வீடுகளுக்கும் தோளில் சுமந்து முடிக்க அவர்களுக்கு மத்தியானம் இரண்டு மணி ஆயிற்று. அதற்குள் சோளக்காடு கடைவீதிக்கு ஆள் அனுப்பி இரண்டு நாட்டுக்கோழி வாங்கினேன். ஆயிரத்து நூறு. எண்ணெய், மசாலா, அப்பளம் இருநூற்றுப் பத்து. அரிசியும் இலையும் வீட்டிலிருந்தவை, அவற்றைச் சேர்க்கவில்லை. அவள் நாற்காலியில் இருந்தபடி உத்தரவு போட, நான் புகையில்லாத அடுப்பில் கிண்டினேன். மேனேஜர், டிரைவர், சிலிண்டர்காரர், லோடு இறக்க வந்தவர், தீர்ப்பு சரியாக நடக்கிறதா என்று பார்க்க வந்த ஊர்க்கவுண்டர் என ஐந்து இலை. காரவள்ளி ரோடா, முள்ளுக்குறிச்சி ரோடா என்று பேச்சு வந்தபோது நான் இரண்டு எண்ணையும் சொன்னேன். யாரும் கேட்கவில்லை, கோழி நன்றாக வெந்திருந்தது.

சிலிண்டர்காரர் மூன்றாம் முறை சோறு வாங்கும்போது என்னைப் பார்த்தார். "அய்யா, இது பில்லுல வருமுங்களா?"

"எழுவது ரூவாய மிச்சம் புடிச்சுட்டாருங்க, அதுல வருது" என்றாள் என் மனைவி.

லாரி இறங்கிய பிறகு கூட்டிப் பார்த்தேன். பஸ், டீயும் சாப்பாடும், நகல், டியூப், கண் மருந்து, கோழி, மளிகை, சிலிண்டர் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து எழுநூற்று இருபத்தொன்பது. எனக்கு வர வேண்டிய ஐம்பது காசைக் கழித்தால், இரண்டாயிரத்து எழுநூற்று இருபத்தெட்டு ரூபாய் ஐம்பது காசு.